நாகலெட்சுமியின் சுத்துக்கூடு

பூண்டுலோயா கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷத்து வெசாக், சிங்களவர் புத்தருக்கு எடுக்கிற விளக்குத் திருவிழா. கடைக்குக் கடை காகித விளக்குக் கூடுகள் தொங்கின: தாமரைக்கூடு, நட்சத்திரக்கூடு, கப்பல் மாதிரி ஒன்று. மேலேயிருந்த தேயிலைத் தோட்டங்களின் சனமெல்லாம் வேலை முடிந்த கையோடு இறங்கி வந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு போயிற்று. நாகலெட்சுமியும் அப்படித்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், பேக்கரிக்காரர் கடை வாசல் வரைக்கும். அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

அந்தக் கூட்டுக்குள்ளே யானைகள் நடந்துகொண்டிருந்தன.

நிஜமாகவே நடந்தன. வெள்ளைத் தாளுக்குப் பின்னால் ஏழு கறுப்பு யானைகள், ஒன்றின் வாலை இன்னொன்று தும்பிக்கையால் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. யாரும் கயிறு இழுக்கவில்லை. யாரும் தொடக்கூட இல்லை.

"போலாம் வா புள்ள," என்றான் அவள் புருஷன் மாயாண்டி. அவன் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கையில் வறுத்த கடலைப் பொட்டலம், மடித்துக் கட்டிய சாரம். "எத்தன தடவ பாத்தாலும் அதே ஏழு யானதான்."

"இருங்க. இது எப்படிங்க சுத்துது?"

"எனக்கு என்னா தெரியும்? உள்ள கெடியாரம் மாதிரி சாவி குடுத்து வச்சிருப்பான்."

அவள் மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள். கூட்டுக்குள்ளிருந்த மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்து படக்கென்று அணைந்தது. யானைகள் தயங்கித் தயங்கி நின்றன. பேக்கரிக்காரர் ஏணி போட்டு ஏறிப் புது மெழுகுவர்த்தியைப் பொருத்திவிட்டு இறங்கினார். அவ்வளவுதான், வேறு எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் முதல் யானை அசைந்தது. அப்புறம் ஏழும் கிளம்பிவிட்டன.

நாகலெட்சுமி அவர் பக்கத்தில் போனாள். தெரிந்த சிங்களத்தைக் கூட்டிச் சேர்த்து, "மே கொஹொமத, மொதலாளி?" என்று, இது எப்படி என்று கேட்டாள், விரலைச் சுற்றிக் காட்டி. மனுஷர் சிரித்தார். உதட்டில் விரலை வைத்து, "ரஹச, ரஹச," என்றார். ரகசியமாம்!

தோட்டத்துக்கு ஏறிப் போகிற பாதை முழுக்க அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள். "சாவி இருந்தா வெளிச்சம் நின்னதுக்கப்புறமும் சுத்தணும்ல? மெழுகுவத்தி நின்னா யானயும் நிக்குது. நெருப்புத்தான் தள்ளுது. நெருப்பு எப்படிங்க யானயத் தள்ளும்?"

"நீ என்னைத் தள்ளாம வந்தா போதும், பள்ளம் இருக்கு," என்றான் மாயாண்டி.

"கார்த்திக வெளக்குக்கு நம்ம இஸ்தோப்புல இந்த மாதிரி ஒண்ணு தொங்கும் பாருங்க."

இஸ்தோப்பு என்றால் லயத்தில், தோட்டத்துச் சனம் குடியிருக்கிற வரிசை வீடுகளில், வீட்டின் முன்னால் இருக்கிற ஒடுங்கிய தாழ்வாரம். கார்த்திகைக்கு அங்கே மண் விளக்கு வைப்பார்கள்; வேறு அலங்காரம் ஒன்றும் கிடையாது. மாயாண்டி சிரித்தான். ஆனால் அவளுக்கு ஒன்று பிடித்துக்கொண்டால் விடாது என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் முயற்சி ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. பழைய காலண்டர் அட்டையைத் தட்டு மாதிரி வட்டமாக வெட்டினாள். பூவின் இதழ் போல ஓரத்தில் கீறல் விட்டாள். நடுவில் நூல் கோத்து விட்டத்தில் தொங்கவிட்டு, கீழே மெழுகுவர்த்தி ஏற்றினாள். அட்டை கொஞ்சம் திரும்பியது. அப்புறம் அதே அளவு மறுபக்கம் திரும்பியது. நூல் முறுக்கு விட்ட சேட்டை, அவ்வளவுதான். பிறகு அட்டை கருகி நாற்றமெடுத்தது.

லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலிருக்கிற சுவர் கூரை வரை போகாது. புகையும் பேச்சும் மேல்வழியாகத் தாராளமாகப் போய் வரும். பக்கத்து வீட்டு ராக்காயி சத்தம் போட்டாள். "அடியே நாகு! என்னாடி கருகுது? லயத்தயே கொளுத்திராத!"

"ஒண்ணுமில்லக்கா, யான!"

"யானயா?"

இப்படி மூன்று மாதம் போயிற்று. அட்டையை நூலில் கட்டினால் முறுக்கிக்கொண்டது. ஆணியில் குத்தினால் ஒட்டிக்கொண்டது. மெழுகுவர்த்தியை இரண்டாக்கினால் இரண்டு மடங்கு கருகியது. லயத்துச் சனம் அவளை 'யானக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தது. அவள் கோபப்படவில்லை.

நாகலெட்சுமிக்கு வேலை மலையில் இல்லை, ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். காய்ந்த தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. ஐப்பசியில் ஒருநாள் காலையில் மாடியைக் கூட்டச் சொல்லி அனுப்பினார்கள். பச்சைக் கொழுந்தை வாடவைக்கிற மாடி அது. ஒரு கோடியில் ஆள் உயரத்துக்குப் பெரிய காற்றாடி இருக்கும். ஆறு வருஷமாக அவள் அதைப் பார்த்திருக்கிறாள், ஓடும்போது மட்டும். ஓடும்போது அது வெறும் சாம்பல் நிற வட்டம். அன்றைக்கு எண்ணெய் போடுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே போனாள். காற்றாடியின் ஒவ்வொரு தகடும் சாய்ந்திருந்தது! தட்டையாக இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக, கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்தது போலச் சாய்ந்திருந்தன.

அவள் படிக்கட்டின் பக்கம் ஓடி, கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். கீழே தேயிலை காயவைக்கிற சூட்டடுப்பு. அதன் மேலே தேயிலைப் பஞ்சு, அந்த மஞ்சள் நிறத் தூசு, நேராக மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தினமும் கண்ணில் விழுந்து அவள் திட்டுகிற தூசுதான். சூடு மேலே போகிறது. தூசைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேலே போகிற சூடு, சாய்ந்த தகட்டில் பட்டால்?

"என்ன பிள்ளை, காத்தாடியையும் கீழயும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" பின்னால் நடராசா நின்றார். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கருக்கு உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர். யாரிடமும் அதிகம் பேசாத மனுஷர்.

வேறு நாளாக இருந்தால் அவள் பயந்திருப்பாள். இன்று வாய் நிற்கவில்லை. "அய்யா, அது காத்தத் தள்ளுதுல்லங்கய்யா? அப்ப காத்து வந்து அதத் தள்ளுனா, அது சுத்தும்ல?"

நடராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுத்தும்தான். உதென்னத்துக்கு உனக்கு?"

அவள் யானைக் கதை முழுவதையும் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டார். "நானும் அந்தக் கூட்டைக் கண்டனான். உள்ளுக்கை சாவி வச்சிருக்கிறான் எண்டெல்லே நினைச்சன்," என்றார்.

"இல்லங்கய்யா, சத்தியமா சாவி இல்ல! அட்டதான் கருகிப்போகுது. தேயிலப் பெட்டிக்குள்ள ஒட்டுற வெள்ளித்தாளு, வெட்டிப் போட்ட துண்டு ரெண்டு குடுத்தீங்கன்னா…"

"குப்பைக்குப் போறதுதானே, எடு. சுத்தினால் எனக்கும் சொல்லு."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தாள்.

மாயாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய் மூங்கில் வெட்டி வந்தான். தேயிலைச் செடியை வெட்டி வெட்டிக் காய்த்த கை அது. மூங்கிலைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவியபோது ஒரு குச்சிகூட உடையவில்லை. ஒரு சாண் நீளத்தில் பன்னிரண்டு, ஒன்றரைச் சாணில் ஆறு. ஆறு குச்சியை முனைக்கு முனை நூலால் கட்டி ஆறுமூலை வளையம் ஒன்று. அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் குச்சிகள் ஆறும் கால்களாக நின்றன.

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிப் பசை காய்ச்சினாள். கரப்பான் பூச்சி தின்னாமலிருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டாள். பசையைத் தாளில் தடவினால் மெல்லிய டிசுத்தாள் ஊறிக் கிழிந்துவிடும்; குச்சியில் தடவித் தாளை அதன்மேல் மெதுவாகப் படியவிட வேண்டும். சுற்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டினாள், நிழல் தெரிவதற்காக. ஒட்டிய தாள் சுருக்கமாகத்தான் இருந்தது. வாயில் தண்ணீர் வைத்துப் புஸ்ஸென்று ஊதித் தெளித்தாள். காய்ந்ததும் தாள் மேளத்துத் தோல் மாதிரி விறைத்து நின்றது. மாயாண்டி விரலால் சுண்டிப் பார்த்தான். "டொம்முங்குது புள்ள!"

இனிமேல்தான் உயிரான வேலை. வெள்ளித்தாளைத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பன்னிரண்டு கீறல் விட்டாள். நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் கீறாமல் விட்டாள். பன்னிரண்டு இதழையும் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் சாய்த்தாள், ஸ்டோர் காற்றாடி மாதிரியே.

"சரி, இது எதுமேல நிக்கும்?" என்று கேட்டான் மாயாண்டி. "ஆணியிலதான் ஒட்டிக்குதே."

அவள் யோசித்தாள். தகரப் பெட்டியைத் திறந்து தன் நல்ல ரவிக்கையை எடுத்தாள். அதிலிருந்த அமுக்குப் பொத்தான் ஒன்றை, நடுவில் சின்னக் குழி இருக்கிற பாதியை, கத்தரியால் வெட்டி எடுத்தாள்.

"அடி பைத்தியம், அது தீவாளி ரவுக்கடி!"

"ஊக்கு குத்திக்கிருவேன். நீங்க அந்த ஒடஞ்ச கொடக்கம்பியத் தீட்டுங்க. ஊசி மாதிரி இருக்கணும்."

தீட்டிய குடைக்கம்பியைக் கூட்டின் அடியில் குறுக்குக் குச்சி கட்டி நிமிர்த்தி நட்டான். பொத்தானை வெள்ளித்தாளின் நடுவில் குழி கீழே பார்க்க ஒட்டி, கம்பி முனையில் அவள் வைத்தாள். தட்டு நடுங்கிக்கொண்டே நின்றது. கம்பிக்கு இரு பக்கமும் இரண்டு சின்ன மெழுகுவர்த்தி. கதவைச் சாத்தினார்கள், காற்று வரக்கூடாது என்று. தீக்குச்சி கிழித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நூறு எண்ணுவோம்," என்றான் அவன். இருவரும் குந்தியிருந்து எண்ணினார்கள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று. வெள்ளித்தாளின் மினுமினுப்பு சுவரில் லேசாக நகர்ந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். முப்பது. நகர்ந்தது நிற்கவில்லை. மறுபக்கம் திரும்பவும் இல்லை. முப்பத்தைந்தில் தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்தது. நாற்பதில் எண்ணிக்கையே விட்டுப்போயிற்று. சுவரெல்லாம் வெள்ளி மீன்கள் ஓடின.

"சுத்துது! சுத்துதுங்க! ஏங்க, சுத்துது!"

"சுத்துதுடி! அட முருகா, சுத்துதுடி!"

சுவருக்கு மேலிருந்து ராக்காயி அலறினாள். "என்னாடி, பாம்பா?"

"சுத்துதுக்கா!"

அடுத்த நிமிஷம் ராக்காயி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, காற்றுப் புகுந்து மெழுகுவர்த்தி இரண்டும் அணைந்தன. மறுபடி ஏற்றி, மறுபடி முப்பது எண்ணி, மூன்று பேரும் மறுபடி கூச்சல் போட்டார்கள்.

தட்டின் ஓரத்தில் என்ன உருவம் தொங்கவிடுவது என்பதில்தான் சண்டை வந்தது. மாயாண்டி மயில் கேட்டான். ராக்காயி யானைதான் வேண்டும் என்றாள். நாகலெட்சுமிக்கு வரையத் தெரியாது. கண்ணால் நன்றாகப் பார்த்ததைத்தான் கத்தரி வெட்டும். அவள் தினமும் பார்ப்பது ஒன்றுதான். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறும்போது பனி மூடியிருக்கும். முகம் தெரியாது, சேலை நிறம் தெரியாது. தலையில் மாட்டிய கயிறும் முதுகுக் கூடையும் குனிந்த கழுத்துமாகக் கறுப்புக் கோடுகள் வரிசையாகப் போகும். அதையே வெட்டினாள். ஒன்பது பெண்கள் வந்தார்கள். வட்டம் நிறையவில்லை, ஓர் ஆள் இடம் மிஞ்சியது. குடை வெட்டுவது சுலபம் என்பதால், வரிசைக்குப் பின்னால் குடை பிடித்த கங்காணி ஒருவரை வெட்டி ஒட்டிவிட்டாள். இது என்ன வினை செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை.

கார்த்திகை விளக்கன்று மழை விட்டிருந்தது, ஆனால் காற்று விடவில்லை. பொழுது சாயவும் லயம் முழுக்க மண் விளக்குகள் ஏற்றினார்கள். செய்தி எப்படிப் போயிற்றோ, மேல் லயத்துச் சனமும் வந்துவிட்டது. ரோஸ் டிசுவில் குஞ்சம் கட்டி, கீழ்விளிம்பில் பச்சைத் தாள் சல்லடை வெட்டி ஒட்டி, பெண் வீட்டுப் பந்தல் மாதிரி அலங்கரித்த கூட்டை மாயாண்டி இஸ்தோப்பில் தொங்கவிட்டான். நாகலெட்சுமி மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெள்ளைத் தாளில் ஒன்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.

நின்றார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் முன்னால் போனார்கள், நடுங்கினார்கள், பின்னால் வந்தார்கள். காற்று அடியில் புகுந்து சுடரைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தானா ஆறு மாசம்?" என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. அவளுக்குக் காது சுட்டது. வீட்டுக்குள் சுற்றியது, சத்தியமாகச் சுற்றியது, இந்தச் சனியன் பிடித்த காற்றுக்கு என்ன செய்வது?

மாயாண்டி உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்து வந்தான். மழையில் வேலைக்குப் போகும்போது போர்த்துகிற கனமான கம்பளி. இரண்டு கையாலும் விரித்துக் காற்று வருகிற பக்கம் நின்றான். போதவில்லை. "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வீட்டுல கம்பளி இல்லியா?" என்று கத்தினான்.

முதலில் ராக்காயி ஓடினாள். அப்புறம் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர். இஸ்தோப்பைச் சுற்றிக் கம்பளி மேல் கம்பளியாக ஒரு சுவர் எழும்பியது. பிடிக்கிறவர்கள் தலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். உள்ளே காற்று அடங்கியது. சுடர் நிமிர்ந்தது.

முதல் பெண் கூடையோடு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"போறாடி! போறாடி!" மலையேறுகிற மாதிரியே, குனிந்த கழுத்தோடு, ஒன்பது பெண்களும் கிளம்பிவிட்டார்கள். வேகம் பிடித்தது. கம்பளி பிடித்தவர்கள் கூவினார்கள். "அந்த ரெண்டாவது நம்ம அழகம்மா! பாரு, அவ மாதிரியே தோள ஒருக்களிக்கிறா!" "நாலாவது நானு!" "போடி, நீ எங்க அவ்வளவு ஒல்லி?" ஆளுக்கு ஆள் தங்களைத் தேடினார்கள். அப்போதுதான் வரிசைக்குப் பின்னாலிருந்து குடை வந்தது.

"ஐயோ, கங்காணி!"

லயமே அதிர்ந்தது சிரிப்பில். கங்காணி குடையைப் பிடித்துக்கொண்டு பெண்களை விரட்டி விரட்டிப் போனார், எத்தனை சுற்றுச் சுற்றியும் ஒருத்தியையும் எட்டிப் பிடிக்கவில்லை. சிரிப்பு ஒரு மூலையிலிருந்து சட்டென்று அடங்கியது. கம்பளிச் சுவர் விலகி வழிவிட்டது. நிஜக் கங்காணி கந்தப்பன் வந்து நின்றார், கக்கத்தில் குடை.

ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டாவது சுற்றுப் பார்த்தார். நாகலெட்சுமி அவர் முகத்தையே பார்த்தாள். வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிடுவாரோ? மூன்றாவது சுற்றில் அவர் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்து விரித்து, தலைக்கு மேலே பிடித்து, அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, எங் கொட இவ்வளவு பெருசாவா இருக்கு?"

"இல்லீங்க கங்காணியாரே… கத்தரி கொஞ்சம் வெலகிப்போச்சு."

"வயிறும் வெலகிப்போச்சோ?"

முதலில் சிரித்தது கூட்டத்தில் நின்ற அவர் பெண்சாதி. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். "வழிய அடைங்க, காத்து வருதில்ல!" என்று அதட்டி, விரித்த குடையைக் கம்பளிச் சுவரில் இருந்த ஓர் இடுக்குக்குக் கேடயமாக வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி தீருகிற வரைக்கும் அங்கேயே நின்றார். கூட்டத்தின் கடைசியில் நடராசா நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். தன் பெண்சாதி பூரணத்தையும் கூட்டி வந்திருந்தார். "பாத்தியே, சாவி இல்லை!" என்று பூரணத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்தது போல.

மறுநாள் வேலை முடிந்ததும் நாகலெட்சுமி வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். ஒருத்தி கையில் மூங்கில், ஒருத்தி கையில் மாவு, அத்தனை பேர் கையிலும் ரவிக்கைப் பொத்தான். கார்த்திகைக்கு மூன்று நாள் விளக்கு வைப்பார்கள். இன்னும் ஒருநாள் பாக்கி இருந்தது. பேக்கரிக்காரர் மாதிரி உதட்டில் விரல் வைக்க அவளுக்கு மனமில்லை. ரகசியத்தை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது? "பச குச்சியில, தாளுல இல்ல! மேல மூடிராதீங்க, சூடு போகணும். எல்லா எதழும் ஒரே பக்கம் சாயணும்," என்று தொண்டை கட்டுகிற வரை சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் லயத்தில் ஏழு கூடுகள் சுற்றின. ஒன்றில் மயில், ஒன்றில் கோழியும் குஞ்சும், ஒன்றில் பூண்டுலோயா பஸ். ராக்காயி வீட்டில் யானைகள். எல்லாரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ராக்காயி வீட்டு முன்னால் நின்றார்கள். அப்புறம் மாயாண்டி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

ராக்காயி இதழ்களை மறுபக்கம் சாய்த்திருந்தாள். அவள் வெட்டிய ஆறு யானைகளும் வாலை முன்னால் விட்டு, பின்பக்கமாகவே கம்பீரமாக நடந்துகொண்டிருந்தன.

"அக்கா, நான் மாத்தி வுடுறேன், ஒரு நிமிசம்," என்று நாகலெட்சுமி கை நீட்டினாள்.

ராக்காயி இடுப்பில் கைவைத்துக் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத! எல்லா யானயும் முன்னாலதான் போகுது. எம்பட யான மட்டுந்தான் பின்னால போகும். பூண்டுலோயா பேக்கரிக்காரனக் கூட்டிக்கிட்டு வா, பாக்கட்டும்!"